கிரேன்காரரின் காது

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று அவர். அதிலும் அவர் பாதி நாள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில், இயந்திரச் சுத்தியல் இரும்பை அடிக்கிற ஷாப்பில் அவருக்கு வேலை. கல்யாணமான புதிதில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் கேட்டில் நின்றால், காலுக்குக் கீழே தரை அதிரும். அந்தச் சத்தத்திலேயே பல வருடம் நின்றவர், பிறகு மேலே ஓடுகிற கிரேனுக்கு ஆபரேட்டர் ஆனார். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. கீழே நிற்பவர் கையைக் காட்டுவார், மேலே இருப்பவர் அதைப் பார்த்து ஓட்டுவார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஒரு சின்னக் குலுங்கல் இல்லாமல் இறக்கி வைப்பார் என்று இவரைப் பற்றி ஷாப்பே பெருமை பேசும். அவர் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தது எவனுக்குத் தெரியப்போகிறது? அங்கே எல்லோரும்தான் கத்திப் பேசுகிறார்கள்.

தெரிந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே கிரேனில் இவருக்கு முன்னால் இருந்தவருக்குக் காது போய்விட்டது என்று கண்டுபிடித்து, கீழே இறக்கி, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். சம்பளம் குறையவில்லை. ஆள்தான் குறைந்துபோனார். சைக்கிள் விடவரும் பொடியன்கள்கூட அவரைச் செவிடு என்றுதான் கூப்பிடுவார்கள். "அந்த ஸ்டூல்ல குந்தறதுக்கு நான் துறைமுகத்துல போய் வுழுந்துருவேன்மே" என்று ஒருநாள் ராத்திரி இவர் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதனால் அவர் காது நானானேன். வெளியே போனால் அவருடைய இடது பக்கம் நான்தான். மணிக்கட்டைத் தட்டினால் யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம். அழுத்தினால் ஆமாம் சொல்ல வேண்டும், கிள்ளினால் இல்லை. மிச்சத்தை அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். திருவொற்றியூரில் எங்கள் தெருவே எங்களைக் கேலி செய்தது. "இத்தினி வருசம் ஆயும் கையப் புடிச்சிகினே போறாங்க பாரு, லவ்வு!" என்பார்கள். லவ்வாம், மண்ணாங்கட்டி. கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் ஷாப்பில் இருந்து டூர் போவதென்று முடிவானது. வழக்கமாக வேளாங்கண்ணி, இல்லையென்றால் ஊட்டி. இந்த முறை ஃபோர்மேனுக்கு என்ன பிடித்ததோ, பொள்ளாச்சியைத் தாண்டி மலைக்காட்டில் ஓர் இரவு தங்கி மிருகம் பார்க்கலாம் என்றார். செல்போன் வைத்திருந்த மனிதர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான், அவர் சொன்னால் எடுபடும். ஃபோர்மேனும் அவர் மனைவியும், இவருடைய தோஸ்து ஒருவனும், நாங்கள் இருவரும் ஒரு வேனில் போனோம். நான் வேண்டாம் என்று எவ்வளவோ மல்லுக்கட்டினேன்.

"ஆனைய நான் கோயில் வாசல்ல பிச்ச எடுக்கத்தான் பாத்துகீறேன். சும்மா சுத்திகினு திரியறத ஒருவாட்டி பாக்கணும்மே" என்றார். குழந்தை மாதிரி கேட்கிறவரிடம் என்ன சொல்வது?

காட்டில் எங்களுக்கு வழிகாட்ட மலசர் பழங்குடிக் குடியிருப்பில் இருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் ஒல்லி, பேச்சு குறைவு. தம்பி சிரித்த முகம். சாயங்காலம் முகாமில் எங்களை வரிசையாக நிறுத்தி, அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். ஃபோர்மேன் மனைவியின் தலையில் இருந்த மல்லிகைப்பூவை எடுத்துவிடச் சொன்னார். தோஸ்தின் சிவப்புச் சட்டையை மாற்றச் சொன்னார். பிறகு நான் பயந்தது வந்தது.

"உள்ள போயிட்டா யாரும் பேசக்கூடாதுங்க. காட்டுல கண்ணு ரெண்டாவதுதான், காதுதான் மொதல்ல. நான் நாக்குல இப்படி ஒரு சத்தம் குடுப்பேன்." மேலண்ணத்தில் நாக்கைத் தட்டி, 'டொக்' என்று ஒரு சின்ன ஒலி எழுப்பினார். "கேட்டதும் அப்படியே நின்னுக்கணும். ரெண்டு தடவ குடுத்தா எங்கிட்ட வந்துரணும். கேட்டுதுங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். இவரும் ஆட்டினார், எல்லோரையும்விட பலமாக. நான் மணிக்கட்டை அழுத்தியிருந்தேனே.

அண்ணன் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டார். "கையக் கோத்துட்டு நடக்கக்கூடாதுங்கம்மா. ஓட வேண்டி வந்தா ரெண்டு பேரும் சேந்து வுழுவீங்க. பொம்பளைங்க ரெண்டு பேரும் எனக்குப் பின்னால வாங்க. ஆம்பளைங்க தம்பிக்கு முன்னால."

"அதெல்லாம் அவங்கள பிரிக்க முடியாது நைனா, ஃபெவிகால் போட்டு ஒட்டிகீது" என்று தோஸ்து சொல்ல, ஃபோர்மேன்கூடச் சிரித்தார். எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. பிரித்துவிட்டார்கள். நான் முன்னால், அவர் பின்னால். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கால் இரண்டு முறை வேரில் தட்டியது.

ராத்திரி முழுக்க மரத்தால் கட்டிய காவல் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். விளக்கு கிடையாது, பீடி கிடையாது. எங்கள் ஊரில் லாரிச் சத்தம் இல்லாமல் தூங்கியதே இல்லை. இங்கே பூச்சி மட்டும் கத்தியது. இருட்டில் இவரால் யார் உதட்டையும் பார்க்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளையாக மேலே ஏறியதும் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் போய்விட்டிருந்தேன்.

கீழே குட்டைப் பக்கம் ஏதோ நகர்ந்தது. காட்டெருமை என்று தம்பி மெல்லச் சொன்னார். கறுப்பாகப் பெரிய உடம்புகள் தண்ணீருக்கு இறங்கின. ஃபோர்மேன் இவர் பக்கம் சாய்ந்து, "பாத்தியாப்பா, எவ்ளோ பெருசு கீது!" என்று கிசுகிசுத்தார். பதில் இல்லை. "இன்னாப்பா, பயந்துட்டியா?" அதற்கும் இல்லை.

"தூங்கிட்டார் சார்" என்றேன்.

"தொறந்த கண்ணு மினுங்கிகினு கீதே?"

"அவரு அப்டித்தான் தூங்குவாரு சார்."

இருட்டில் ஃபோர்மேன் முகம் தெரியவில்லை. அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாதாவே, பொழுது விடியட்டும், இந்த மனுஷனை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தது. பனி இறங்கியிருந்தது. யானை பார்க்கவில்லையே என்று இவருக்கு முகம் வாடிப்போயிருந்தது. ஓடைக்கரையோடு முகாமுக்குத் திரும்பினோம். பாதி வழியில் இவர் சுண்டுவிரலைக் காட்டினார். அண்ணன் ஓடைப்பக்கம் இருந்த ஒரு பாறையைக் காட்டி, "அதத் தாண்டிப் போகாதீங்க, நான் சத்தம் குடுத்தா வந்துருங்க" என்றார். இவர் தலையாட்டிவிட்டுப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அப்போதுதான் மூங்கில் முறிந்தது. பட்டாசு வெடிப்பது போல ஒரு சத்தம். இவர் நின்ற இடத்துக்கு மேலே, மேட்டில். எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. இவர் மட்டும் அசையவில்லை.

பனிக்குள் இருந்து முதலில் ஒரு குட்டி வந்தது. அதன் பின்னாலேயே தாய். தாய் யானை காதை விரித்துத் தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அதற்கும் இவருக்கும் நடுவில் அந்தப் பாறையும் கொஞ்சம் புல்லும் மட்டும்தான். பாறை மறைத்ததில் இவர் கண்ணுக்கு அது தெரியாது. அண்ணன் நாக்கைத் தட்டினார். ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு.

இவர் திரும்பவில்லை.

"மாமு நடுங்கிகினு கீறான்" என்று தோஸ்து முணுமுணுத்தான். அவன் குரல்தான் நடுங்கியது.

அண்ணன் எங்கள் பக்கம் குனிந்து, "பரவால்லீங்க, அவருக்குக் கேட்டுருச்சு. தாயும் குட்டியும் பக்கத்துல இருக்கறதால அசையாம நிக்கறாரு. புத்திசாலி. அப்படியே நிக்கட்டும், அது போயிரும். நாம மெதுவாப் பின்னால போலாம்" என்றார். ஃபோர்மேனும் அவர் மனைவியும் பின்னால் காலெடுத்து வைத்தார்கள்.

அவருக்குக் கேட்டிருந்தால்தானே அசையாமல் நிற்பதற்கு! வேலையை முடித்துக்கொண்டு இப்போது திரும்புவார். திரும்பியதும் நாங்கள் விலகிப் போவதைப் பார்த்து, "இன்னாமே, உட்டுட்டுப் போறீங்க?" என்று அவர் வழக்கப்படி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்குத் தெரியாது. குட்டியை வைத்திருக்கிற தாய் அதற்குமேல் சும்மா இருக்குமா?

பக்கத்தில் ஃபோர்மேன். சொன்னால் அந்த ஸ்டூல். சொல்லாவிட்டால் அந்த யானை.

"அண்ணே" என்றேன். "அவருக்குக் கேக்கலண்ணே. அவருக்குக் காது கேக்காது. எதுவுமே கேக்காது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எதையும் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. தம்பிக்குக் கண்ணைக் காட்டினார். தம்பி ஒரு சின்னக் கூழாங்கல்லை எடுத்து, இவர் காலடியில் போய் விழுகிற மாதிரி வீசினார்.

இவர் திரும்பினார். கல்லெறிந்தவன் எவன் என்று முகம் சுளித்து, கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டார். நான் உதட்டில் விரலை வைத்ததை அவர் பார்க்கவே இல்லை. நான் நின்ற இடம் மரத்துக்குப் பின்னால்.

அப்போது ஃபோர்மேன் பாதைக்கு நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டினார். ஷாப்பில் கிரேனை அந்த நொடியே நிறுத்தச் சொல்கிற சைகை. இவர் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். ஒரு விரல்கூட ஆடவில்லை. ஃபோர்மேன் ஒரு கையைக் கீழே இறக்கி, உள்ளங்கையால் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு கையை அதன் அடியில் தட்டையாக வைத்தார். இந்தப் பக்கம் வா, மெதுவாக. இவர் வந்தார். ஓர் அடி. ஃபோர்மேன் நிறுத்தினார். தாய் யானை தலையை ஆட்டியது. இவர் காலைத் தூக்கியபடியே நின்றார். மறுபடியும் உள்ளங்கை இழுத்தது. மறுபடியும் ஓர் அடி. ஃபோர்மேன் நெற்றியில் இருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது.

பாறையை விட்டு விலகி இவர் எங்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் யானை குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. இவர் அப்போதுதான் திரும்பி அதைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படிச் சொல்வது! பயமே இல்லை. "குட்டி கீதுமே! பாத்தியா, குட்டி கீது!" என்றார். அண்ணன் அவர் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்.

வேனில் ஏறினோம். பொள்ளாச்சியும் வந்துவிட்டது. தோஸ்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான், கேலி கிண்டல் எல்லாம் போய்விட்டது. ஃபோர்மேன் முன் சீட்டில். இவர் மட்டும் யானை பார்த்த சந்தோஷத்தில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு குறைந்தது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னாச்சி? ஏன் எல்லாம் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறாங்க?"

காட்டில் நான் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். ஆனை வந்துச்சி. உனுக்குக் கேக்கல. அவங்களாண்ட சொல்லிட்டேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பார்த்தார். அப்புறம் குனிந்து, என் காதோடு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று ரகசியமாகக் கேட்டார்.

"இனிமே என்னிய கிரேன்ல ஏத்த மாட்டாங்களா மே?"

ரகசியம் என்று அவர்தான் நினைத்தார். வேன் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.