கோரைக்காட்டை வெட்டிய கை

மாரமங்கலத்துக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில் கண்ணாயி பல்ப்பர் ஓட்டுகிறாள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் அது. உரித்த கழிவுநீர் புளித்து நாறும். முன்பெல்லாம் கொட்டகைக்குக் கீழே கோரையும் காட்டுச்சேம்பும் மண்டிய சேற்றில் இறங்கி, அங்கேயே ஊறி, தெளிந்த பிறகுதான் ஓடைக்குப் போகும். அதை ஒருவரும் பெரிதாக நினைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சேற்றுக்காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். அட்டைக்கடி ஒழிந்தது என்று கொடுவாளோடு முதலில் இறங்கியவள் கண்ணாயிதான். சேறு வடிய ஓடைவரை வாய்க்கால் வெட்டியவளும் அவள்தான்.

அப்போதிருந்து பழ சீசன் வந்தால் ஓடைக்கரை வீடுகளில் வாந்தி, வயிற்றுவலி, மேலெல்லாம் அரிப்பு. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மலைச்சாமி சேர்வராயனுக்கு நேர்ந்துகொண்டார்கள். இந்த வருஷம் அவளுடைய ஒன்பது வயது மகள் ஜீவாவுக்கு எட்டு நாளாக வயிற்றில் கஞ்சிகூட நிற்கவில்லை.

"தண்ணி எங்கீங்க எடுக்கறீங்க?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்.

அன்றே கண்ணாயி ஓடையோரமாக மேலே ஏறிப் பார்த்தாள். நாற்றம் அவள் வெட்டிய வாய்க்காலில் தொடங்கியது.

மறுநாள் மத்தியானம் பழ மூட்டைகள் வந்து இறங்கின. கண்ணாயி பல்ப்பரின் பெல்ட்டைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எஸ்டேட் கணக்கும் வேலையாட்களையும் பார்க்கும் ரைட்டர் விஜயகுமார் ஓடிவந்தார்.

"ஏம்மா, பெல்ட்டை மாட்டு. பொழுதுக்குள்ள உரிக்கோணும், இல்லீன்னா பழம் புளிச்சுப் போயிரும்!"

"புளிக்கட்டுமுங்க. எங்க ஓடை ரெண்டு வருஷமாப் புளிச்சுத்தானுங்க கெடக்குது."

"ஓடைக்கு நான் என்ன பண்றது?"

"ஒரு சொம்பு மோந்துட்டு வந்திருக்கறனுங்க. குடிச்சுப் பாருங்க. நல்லாருந்தா நானே மாட்டறன்."

"சக்கரை வேணுமுங்களா ரைட்டரே? காப்பித் தண்ணிதானுங்க!" என்றாள் பழம் பறிக்கும் கலா. பெண்கள் சிரித்தார்கள்.

விஜயகுமார் முகம் கறுத்தது. "வேலை வேணுமா, வேண்டாமா?"

"நொம்ப வேணுமுங்க. எம்புள்ளையும் வேணும். ரெண்டு குழி வெட்டுங்க, கழிவு அதுல நிக்கட்டும். வாய்க்காலை நான் மூடறன். கீழ காப்பியப் புடுங்கிட்டுக் கோரைய விடுங்க."

"நட்ட செடியப் புடுங்கறதா? வேற ஆளை வெச்சு ஓட்டிக்கறேன், போ!"

"ஓட்டுங்க." பெல்ட்டின் முடிச்சை இறுக்கினாள்.

கலாவும் வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் நாலு பேர். எல்லார் வீட்டுக் குடமும் அந்த ஓடையில்தான் நிறைகிறது.

மூன்று மணிக்கு மூட்டைகளிலிருந்து புளிப்பு வாடை கிளம்பியது. விஜயகுமார் யாருக்கோ போன் போட்டுக் கத்தினார், கெஞ்சினார், திரும்பி வந்தார்.

"ரெண்டு குழி. அவ்வளவுதான். செடியத் தொடக்கூடாது."

"குழிய வெட்டுங்க. செடிக்கு நாளைக்குச் சண்டை போடலாமுங்க."

குழிகள் இடுப்பளவு இறங்கிய பிறகே அவள் பெல்ட்டை அவிழ்த்தாள்.

விடிந்ததும் ஓடையின் கீழ்க்கரையிலிருந்து ஒரு கூடைக் கோரையை வேரோடு பெயர்த்து வந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஊன்றத் தொடங்கினாள்.

"யாரைக் கேட்டு நடறே?" மேலேயிருந்து விஜயகுமார் கூவினார்.

கண்ணாயி நிமிரவில்லை. "வெட்டுனது இந்தக் கைதானுங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த குழியைப் பறித்தாள்.