ஷைலாவின் கம்ப்யூட்டரில் சாய்ந்துபோன எங்கள் நெல்

அறையில் இருந்தவர்கள்: நான், என் கொழுந்தனார், எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஷைலா. அவள் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள்.

சந்தாபுராவில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் மழைக் கணக்கையும் உரக் கணக்கையும் வாங்கி, கம்ப்யூட்டருக்குள்ளேயே எங்கள் நெல்லை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று கத்தினாள். “ஆன்ட்டி, பெளெ பித்தோய்து!”

கன்னடத்தில் பெளெ என்றால் பயிர், பெலெ என்றால் விலை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

“விலை விழுந்தா என்னம்மா, பெருமாள் ஏத்திவிடுவார்” என்றேன்.

கொழுந்தனார் சிரித்தார். “விலை இல்ல அண்ணி, பயிரு! நம்ம பயிரு சாஞ்சிருச்சாம்!”

காலையில்தான் அந்தப் பயிருக்காக விளக்கேற்றினேன். வயலில் அது இன்னும் கதிர்கூட விடவில்லை!

“நாளைக்கு இந்த அங்கிள் போடற யூரியாவ இதுல இன்னிக்கே போட்டேன் ஆன்ட்டி. ஜாஸ்தியா குடிச்சு, உயரமா வளந்து, அறுப்புக்கு முன்னாடியே படுத்துருச்சு. பாதி போட்டா நிக்குது.”

“பொட்டிக்குள்ள பேயற மழைக்கு நான் கொடை பிடிக்கணுமா?” என்று கொழுந்தனார் எழுந்து போய், யூரியா மூட்டையை முழுசாக வண்டியில் ஏற்றிவிட்டார்.

மழை வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன், பூச்சி வேண்டாம் என்று வேண்டியிருக்கிறேன். பயிர் அதிகம் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது?

நெல் போட்டுப் பழகியவர்கள், முழு மூட்டையா பாதியா என்று இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள். அவர் விடிந்ததும் கிளம்புகிறார்.