அண்ணியின் இரண்டாவது பிரேக்

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் பிரேக் இரண்டு: ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் அண்ணியின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்திருக்கிறார். நானும் அதில் ஒருவன். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. அண்ணன் அவசரமாகச் சாப்பிட்டால்கூட மேசைக்கடியில் அண்ணியின் வலது கால் தரையை அழுத்தும்.

போன மாதம் அண்ணியின் மகள் சைக்கிள் பழகினாள். அண்ணி சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடினார், கடைசிவரை விடவே இல்லை. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து சைக்கிள் மூலையில் கிடக்கிறது.

அதனால்தான், பத்தாவது பிறந்தநாள் டீ பார்ட்டிக்குச் 'சாலை'தான் தீம் என்று அவள் அறிவித்தபோது நான் முதலில் அண்ணியின் வலது காலைத்தான் பார்த்தேன். சமையலறையிலிருந்து கூடம்வரை கறுப்புக் காகிதச் சாலை, நடுவில் வெள்ளைக் கோடு, சிவப்பு மஞ்சள் பச்சையில் பிஸ்கட். சக்கரம் வைத்த சின்ன மேசையில் சூடான டீ கெட்டிலை அவளே தள்ளிவந்து ஊற்றுவாளாம்.

"சூடா வேணாம்டி. ஆற வச்சுக்கலாம்."

"ஆறுன டீய யாரும்மா குடிப்பா? நீ நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. எழுந்திரிச்சா அவ்ளோதான், இனிமே யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன்."

வெறும் தண்ணீரோடு ஒத்திகை பார்த்தோம். வண்டி லேசாக ஆடியதுமே அண்ணி பாய்ந்து கெட்டிலைப் பிடித்துவிட்டார்.

"பாத்தியா!" என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நீ என் பக்கத்துல உக்காருப்பா. எழுந்தா இழுத்து உக்கார வை."

மறுநாள் தோழிகளும் அண்ணியும் நானும் கூடத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். சமையலறைக் கதவு திறந்தது. வண்டி கடகடவென்று வந்தது. கெட்டில் மூக்கிலிருந்து ஆவி. வளைவில் காகிதம் சுருண்டு எழும்பியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. முன்சக்கரம் சிக்கியது. கெட்டில் சறுக்கி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

அதே கணத்தில் அண்ணி பிரேக்கை மிதித்துவிட்டார். மேசைக்கடியில் அது என் கால். எனக்குப் பொறி கலங்கிப்போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் கத்தினால் அவர் எழுந்துவிடுவார்.

அவள் நின்றாள். கெட்டிலின் கைப்பிடியைப் பிடித்து நேராக்கினாள். வண்டியை மெல்லப் பின்னால் இழுத்தாள். காகிதத்தைக் காலால் நீவிவிட்டாள். பிறகு, பெரிய மனுஷி மாதிரி வலமும் இடமும் பார்த்துவிட்டு மறுபடி தள்ளினாள். ஒவ்வொரு கோப்பையாக ஊற்றினாள். யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் கோப்பையை அம்மாவிடம் நீட்டும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"அம்மா! நீ எழுந்திரிக்கவே இல்லியே!"

அண்ணியின் பாதம் இன்னும் என் கால்மேல்தான் இருந்தது, நடுங்கிக்கொண்டு.

"இப்ப எழுந்திரின்னு சொன்னாக்கூட என்னால முடியாதுடி," என்றார்.