வேரோனிக்கா காட்டுக்குப் போகிறார்

குளியல் தொட்டிக்குள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழைய பல் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் வேரோனிக்கா. சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்டிக் கிடக்கிறது. தொட்டியின் வெள்ளையில் கறுப்பு எண்ணெய் வழிகிறது. வெளியே நின்று கதவைத் தட்டுகிறார் கணவர் சூசைதாசன். அவருக்கு முகம் கழுவ வேண்டும். "குசினியிலயும் தண்ணி வருது தானே?" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. பிறகு தொட்டியைத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவுவதும் வேரோனிக்காதான். ஆனால் சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் முதலில் சைக்கிள், அதற்குப் பிறகுதான் மனிதர்.

ஐம்பதைத் தொட்டுவிட்ட பெண். அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்தில் எனக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கார் ஓட்ட லைசன்ஸ் இருக்கிறது, கீழே கொரோலாவும் நிற்கிறது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் சைக்கிள் என்பது, கார் வாங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, வாங்கிய அன்றே மறந்துவிடுகிற ஒரு சங்கதி. தமிழ்க் கடை வாசலில் வேரோனிக்கா சைக்கிளைப் பூட்டும்போது, காரின் கண்ணாடியை இறக்கி யாராவது கேட்பார்கள்: "என்ன அன்ரி, கார் பழுதோ?"

"கார் சுகமாயிருக்கு. நானும் சுகமாயிருக்கிறன்."

ஹெல்மெற் கொண்டைக்கு இடம் கொடாததால், கொண்டை பிடரிக்கு இறங்கிவிட்டது. காற்சட்டையின் கால் செயினுக்குள் அகப்படாதபடி சேலைக்குக் குத்துகிற ஊசியால் மடித்துக் குத்தியிருப்பார். மேட்டில் ஏறும்போது மேட்டோடு கதைப்பது அவர் பழக்கம். சம்பந்தி வீட்டாரோடு கதைப்பதைப் போல மிகவும் மரியாதையாக, மூச்சு வாங்கியபடி, "இருங்கோ, வாறன். வந்துகொண்டுதானே இருக்கிறன்," என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அஜக்ஸில் இருக்கும் தங்கை செலீன் வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவார். செலீன் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைக்கிளை அவசரமாக கராஜுக்குள் தள்ளிக் கதவை இறக்கிவிடுவார்.

இவ்வளவு பயிற்சியும் வருகிற இரண்டாயிரமாம் ஆண்டு ஜூனுக்காக. வேரோனிக்கா பிரான்சுக்குப் போகிறார். பாரிசில் சைக்கிளையும் தன்னையும் ரயிலில் ஏற்றி, கிழக்கே ஸ்ற்ராஸ்பேர்க்கில் இறங்கி, அங்கிருந்து வாய்க்கால் கரையைப் பிடித்து, வோஜ் மலைக் காடுகளுக்குள் ஏறி, அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குள் இறங்குவது திட்டம். தனியாக. பின்சில்லின் இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற பைகளை அவரே தைத்துவிட்டார். வேலையிடத்தில் கழித்துப்போட்ட அழுக்குத்துணிப் பைகள்தான். தடித்த கன்வஸ், எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் கிழியாதது. ஒரு பைக்குள் கூடாரமும் உடுப்பும். மற்றதில் ஒட்டுப் போடுகிற சாமான், சொலுசன் ரியூப், ஒரு போத்தல் பருத்தித்துறை வடை. "மழைக்கும் பதம் போகாது. கடிக்கப் பல்லு மட்டும் வேணும்."

அவரோடு வேலை செய்கிற கியூபெக்காரி ஒருத்தி பிரான்சில் சைக்கிள் ஓடியவள். அங்கே வழியில் தண்ணீர் தீர்ந்தால் கல்லறைகள் இருக்கிற கிராமத்துச் சவக்காலையைத் தேடிப் போ, பூக்களுக்கு ஊற்றுகிற குழாய் கட்டாயம் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதை வேரோனிக்கா வீட்டில் சொன்ன நேரம் நானும் இருந்தேன்.

"சவக்காலைக்குப் போக உவ்வளவு தூரம் பிளேன் எடுக்கவேணுமே?" என்றார் சூசைதாசன்.

"நீங்கள் இஞ்சயே இருந்து போங்கோ. நான் தண்ணி மட்டும் எடுத்துக்கொண்டு வந்திடுவன்."

கூடாரத்தை ஒருநாள் வரவேற்பறையில் அடித்துப் பழகினார். அன்று அஜக்ஸிலிருந்து வந்த செலீன் அதைக் கண்டு திடுக்கிட்டுவிட்டார். "அக்கா, ஆமிக்குப் பயந்து பத்தைக்குள்ள படுத்தது காணாதே உனக்கு? லீவு எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கப்போறியே?"

"அப்ப கலைச்சாங்கள், படுத்தனான். இப்ப ஒருத்தனும் கலைக்கேல்லை. நானாப் போய் நீட்டி நிமிர்ந்து படுக்கப்போறன்."

எண்பத்தாறில் அவர் அந்தப் பக்கத்துக் காடு ஒன்றை ஏற்கெனவே கடந்திருக்கிறார். சூசைதாசன் முன்னமே பாரிசுக்குப் போய்விட்டார். இவரை ஜேர்மன் எல்லையில் வான் வண்டியிலிருந்து இறக்கிய, ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன், முன்னால் போகிறவனின் காலைப் பார்த்து நட, தலையை நிமிர்த்தாதே என்றானாம். இடுப்பில் கைக்குழந்தையாக மகள் மெலிசா. பிள்ளை அழுதுவிடாமல் இருமல் மருந்து பருக்கியிருந்தது. விடியும் நேரம் காடு முடிந்தது, அந்தப் பக்கம் பிரான்ஸ். குடும்பமாக இந்த ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு. இதைச் சொல்லும்போது வேரோனிக்காவின் குரல் தழுதழுக்காது. எரிச்சல்தான் வரும். "ஒரு காட்டைக் கடந்து வந்தனான். அங்க என்ன மரம் நிண்டது எண்டு கேட்டா எனக்குத் தெரியாது. முன்னால போனவன்ர சப்பாத்துத்தான் தெரியும். இந்த முறை பகலில போய் மரத்தைப் பாக்கப்போறன். களைச்சா இறங்கி நிப்பன். ஆரும் 'நட' எண்டு சொல்லேலாது."

வந்த தொல்லை வேறு பக்கத்தால் வந்தது. எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு ஒரு பெண் உடம்பை வருத்தி எங்கோ போகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நேர்த்திக்கடன். பிரான்ஸ் என்றால் லூர்து மாதா. ஆக, வேரோனிக்கா லூர்து மாதாவுக்குச் சைக்கிளில் போவதாக நேர்ந்திருக்கிறார் என்று கோயில் முழுக்கக் கதை. கடையில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே இப்போது கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காகவும் மண்டாடுங்கோ," என்றார்கள். அவர் முதலில் இதைப் பொதுவான பக்தியென்று நினைத்துத் தலையாட்டிவிட்டார்.

போன ஞாயிறு நான் சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கோயில் சபைத் தலைவர் நீக்கிலாஸும் மனைவி அன்ரனெற்றும் சோபாவில் இருந்தார்கள். முன்னால் ஒரு பெட்டி நிறைய மெழுகுதிரி. ஒவ்வொன்றிலும் கடதாசி சுற்றி ஒரு பெயர். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகனின் அகதி வழக்கு.

"மடு மாதாவிட்ட நடந்து போன சனமெல்லே நாங்கள்," என்றார் நீக்கிலாஸ். "இஞ்ச வந்தும் அப்பிடி எங்களில ஒருத்தி இருக்கிறாள் எண்டு பங்குச் சுவாமிக்குச் சரியான சந்தோசம். வாற ஞாயிறு பூசையில உம்மை முன்னுக்குக் கூப்பிட்டு ஆசீர்வதிக்கப்போறார்."

"ஆர் சொன்னது நான் லூர்துக்குப் போறனெண்டு?"

நீக்கிலாஸ் சூசைதாசனைப் பார்த்தார். சூசைதாசன் ரீவி ரிமோட்டைத் திருப்பி அதன் பற்றரி மூடியைப் பார்த்தார்.

"லூர்து அந்தத் தொங்கல் அண்ணை. நான் போறது இந்தத் தொங்கல். எனக்கு லீவு ரெண்டு கிழமை. அங்க போனா நான் போற இடத்துக்குப் போகேலாது."

"அதுக்கென்ன? மாதாவைக் கும்பிட்டிட்டு வந்தாக் காணும் தானே. காடு எங்க ஓடப்போகுது?"

சூசைதாசன் மனைவியைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தியதாக அவருக்கு நினைப்பு. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "சனம் வாய்க்கு வந்தபடி கதைச்சுது, அதால ஒரு சொல்லுச் சொன்னன். ஓமெண்டு சொல்லன் வேரோனி. ரெயிலில போய் ரெண்டு திரியைக் கொழுத்திப்போட்டு வா. பேந்து ஒருத்தரும் உன்னைக் கேள்வி கேக்கமாட்டினம். நான் கோயிலில தலைகாட்ட வேண்டாமே?"

"நீங்கள் நேந்ததை நீங்கள் போய்க் கட்டுங்கோ."

மெலிசா அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. "அம்மா, ஜஸ்ட் சே ஓகே. தே வில் கோ."

"ஓகே எண்டா இவை போவினம். நானும் லூர்துக்கெல்லே போகவேண்டி வரும்."

வேரோனிக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். நீக்கிலாஸ் கைகளைக் கோத்துக்கொண்டு, வழக்கு விசாரிக்கிறவர்போல் சாய்ந்தார். "சரி தங்கச்சி. மாதாவுக்கில்லை எண்டா, வேற ஆருக்கு நேர்த்தி?"

"நேர்த்தி இல்லை அண்ணை. ஆசை."

அன்ரனெற் மேசையிலிருந்த பெட்டியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். சூசைதாசனால் பொறுக்க முடியவில்லை. "அண்ணை, உங்களுக்குத் தெரியாது. எண்பத்தாறில இவள் பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு அந்தக் காட்டால..."

அவர் தொடங்கியதும் அன்ரனெற்றின் முகம் இளகியது. "ஐயோ பாவம்" என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு சொல்லோடு எல்லாம் சரியாகியிருக்கும். நேர்த்தி இல்லாவிட்டால் துக்கம். இரண்டில் எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

"அதை விடுங்கோ," என்றார் வேரோனிக்கா, கணவரைப் பார்க்காமலே. "அழுது காட்டி லீவு எடுக்கிற வயசில்லை எனக்கு. எனக்குச் சைக்கிள் ஓடப் பிடிக்கும். காடு பாக்கப் பிடிக்கும். போறன்."

"பிடிக்கும் எண்டு போறதோ?" நீக்கிலாஸின் குரல் ஏறியது. "குடும்பப் பொம்பிளைக்கு இந்த வயசில தனியக் காட்டுக்குள்ள போய்க் கிடக்க என்ன ஆசை? சொல்லும் பாப்பம். நாளைக்குச் சுவாமிக்கு நான் என்ன சொல்லுறது?"

வேரோனிக்கா எழுந்தார். பெட்டியின் மூடியை நன்றாக அழுத்தி மூடி, தூக்கி, நீக்கிலாஸின் மடியில் வைத்தார். பல்கனிக் கதவைத் திறந்து சைக்கிளை உள்ளே எடுத்தார். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான். அதற்குள்ளால் அவர் அதை வெளிவாசல் பக்கம் உருட்டிக்கொண்டு போக, அன்ரனெற் சேலையை ஒதுக்கினார், நான் சுவரோடு ஒட்டினேன். நீக்கிலாஸ் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், மடியில் பெட்டியோடு, இரண்டு காலையும் சோபாவுக்கு மேலே தூக்கி வைத்தபடி.