கப்பித்தான் வளவின் சொந்தக்காரி

எங்கடை வீடு நிண்ட காணிக்குப் பேர் கப்பித்தான் வளவு. யாழ்ப்பாணத்திலை ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பேர் இருக்கும், அதிலை ஒரு புதினமும் இல்லை. ஆனா அந்தக் கப்பித்தான் ஆர் எண்டு அப்பா சொல்லத் தொடங்கினால், பந்தியிலை இருக்கிற ஆக்கள் கை காயக் காயக் கேட்டுக்கொண்டு இருக்கவேணும். ஒல்லாந்தர் காலத்திலை கப்பலேறி வந்த கப்டன் துரையாம். எங்கடை பரம்பரைப் பெண்ணைக் கண்டு மயங்கிக் கலியாணம் கட்டினவராம். வளவை எங்களுக்கு எழுதி வைச்சவராம். அண்ணையின்ரை கண் கொஞ்சம் பூனைக்கண், அதுதான் அப்பாவுக்குச் சாட்சி. நல்ல புழுகு எண்டு நான் சின்னனிலையே நினைச்சனான்.

அண்ணை ஜேர்மனிக்கு வந்தது நல்லாப் பிந்தித்தான். நான் கலியாணம் கட்டி வுப்பர்டாலுக்கு வந்து, பிள்ளையள் பெத்து, டொச் எண்ட ஜேர்மன் பாஷையும் படிச்சு, முதியோர் இல்லமொண்டிலை வேலையும் எடுத்த பிறகு, ஒரு உடுப்புப் பையோடை வந்து இறங்கினார். பைக்குள்ளை பொலித்தீனிலை சுத்தின காணி உறுதி. மனிசி பிள்ளையளின்ரை படத்தைக்கூட விட்டிட்டு வந்த மனுசன் உறுதியை விடேல்லை. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான். காணி அங்கை மிதிவெடிக்கு நடுவிலை கிடக்கும், உறுதி இஞ்சை அலுமாரிக்குள்ளை கிடக்கும்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்சக் காலத்திலை ஊரிலை சண்டை நிண்டுது. சனமெல்லாம் சந்தோசப்பட்டுது, அண்ணைக்கு மட்டும் தலையிலை இடி விழுந்தது. உன்ரை நாட்டிலை சமாதானம், நீ திரும்பிப் போகலாம் எண்டு அவற்றை அகதி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டாங்கள். பிறகு கையிலை மிஞ்சினது டுல்டுங் எண்ட ஒரு மடிச்ச தாள். உன்னை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளுறம் எண்டதுதான் அதின்ரை அர்த்தம். ஒரு மனுசனுக்கு எழுதிக் குடுக்கிற வசனமே அது?

எங்களுக்கு மேல்மாடியிலை கசகஸ்தானிலை இருந்து வந்த ஒரு குடும்பம். வீட்டிலை ரஷ்ய மொழிதான், டொச்சிலை வணக்கம் சொல்லவே திணறுவினம். ஆனா அவையின்ரை பூட்டன் ஆரோ ஜேர்மனியிலை இருந்து போய் அங்கை குடியேறின ஆளாம். அந்தக் கடுதாசியளைக் காட்டிப் பாஸ்போட்டே எடுத்திட்டினம். இதைக் கேட்ட நாளிலை இருந்து அண்ணை அதிலையே பிடிவாதமா நாண்டுகொண்டு நிண்டார்.

“அவைக்குக் குடுக்கலாமெண்டால் எனக்கேன் ஏலாது? ஒல்லாந்தற்றை படையிலை கனபேர் ஜேர்மன்காரர்தானாம். கப்பித்தானும் இந்தப் பக்கத்து ஆள் எண்டு அப்பா சொன்னவர்.”

“அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ.”

“நீ படிச்சனியெல்லே? அந்த ஆளைத் தேடிப் பிடி.”

லோயரிட்டைக் கேட்டன். அவ்வளவு பழைய பூட்டன் சட்டத்துக்கு முன்னாலை செல்லாக் காசு எண்டு டொச்சிலை சொல்லிப்போட்டு அந்தாள் தலையை ஆட்டினார். பக்கத்திலை இருந்த அண்ணைக்கு நான் அதைத் தமிழிலை சொல்லேல்லை. வேறை என்ன பிடி இருந்தது அந்த மனுசனுக்கு?

ஒல்லாந்தற்றை பழைய பதிவுகளின்ரை பிரதியள் ஹொலண்டிலை ஒரு காப்பகத்திலை இருந்தது. காரிலை போனால் அரைநாளுக்குள்ளை போய்ச் சேரலாம். ஆனா டுல்டுங்காரர் மாநில எல்லையையே தாண்டக்கூடாது. அதாலை லீவு கிடைக்கிற நேரமெல்லாம் நான் தனியத்தான் போனன். பழைய எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் அங்கை வருவா. அவ வாசிச்சு எனக்கு டொச்சிலை சொல்லுவா. தோம்பு எண்டு ஊரிலை சொல்லுற அந்தக் காணிப் பதிவிலை முதலிலை வளவு அம்பிட்டுது. வளவு அம்பிட ஆளும் அம்பிட்டான். அவனைப் பிடிச்சுக்கொண்டு கோட்டு வழக்குப் பதிவுக்குள்ளை இறங்கினம்.

கப்பித்தான் கப்பித்தானே இல்லை. வெறும் பீரங்கிக்காரன். ரைன் ஆத்தங்கரையிலை பிறந்தவன், அந்தமட்டிலை அப்பா சொன்னது சரி. கலியாணமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கடை பரம்பரைப் பெண் எண்டு அப்பா எடுப்பாய்ச் சொன்ன மனிசி, தூத்துக்குடிக் கரையிலை பஞ்சத்திலை வித்து, தோணியிலை கொண்டுவந்து இறக்கின அடிமை. அவளை அவன் விலைக்கு வாங்கினவன்.

அவன் ஊருக்குத் திரும்பிப் போகக் கப்பலைப் பாத்துக்கொண்டு இருந்த நேரம், அவள் கோட்டைக்குள்ளை போய் நீதவான்மாருக்கு முன்னாலை நிண்டிருக்கிறாள். பக்கத்திலை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி. நான் இவர் வாங்கின அடிமை, இது இவற்றை பிள்ளை, எங்களை ஆருக்கோ வித்துப்போட்டுப் போகப் பாக்கிறார் எண்டு சொல்லியிருக்கிறாள். அவனைக் கேட்டிருக்கினம். ஓம், பிள்ளை என்ரைதான் எண்டிருக்கிறான், தன்ரை மாட்டின்ரை கண்டுக்குட்டியை ஒத்துக்கொள்ளுற மாதிரி. ரெண்டு பேரையும் விடுதலை செய், வளவைப் பிள்ளையின்ரை பேரிலை எழுது எண்டு தீர்ப்பு. அவன் எழுதிப்போட்டுக் கப்பலேறிட்டான்.

நான் கொப்பியை மேசையிலை அடிச்சு மூடினன். அந்த நாய் ஒருத்தரிட்டையும் விசா கேக்காமல் வந்து, எங்கடை மண்ணிலை காணியும் எடுத்து, ஒரு மனிசியையும் வாங்கி, அலுத்தவுடனை வீட்டை போயிருக்கிறான். அவன்ரை சந்ததி அவன்ரை ஊருக்குக் கிட்ட ஒரு சின்ன அறைக்குள்ளை, பொறுத்துக்கொள்ளுறம் எண்ட தாளோடை இருக்குது. ரீச்சர் தேத்தண்ணி வாங்கித் தந்தா. பாவம், அவவிலை என்ன பிழை?

பிரதி எடுத்துக்கொண்டு வந்து அண்ணைக்கு வாசிச்சன்.

“ஒத்துக்கொண்டானோ? கோட்டிலையோ? எழுத்திலை இருக்கோ?” எண்டு துள்ளி எழும்பினார். பிறகு மிச்சத்தைக் கேட்டார். முகம் கறுத்துப்போச்சுது. “அந்த ரீச்சர்க் கிழவி பிழையா வாசிச்சிருப்பாள்.”

“பிழையில்லை அண்ணை.”

“அடிமையோ? எங்கடை ஆச்சியோ? வாயிலை வருகுது நல்லா!”

அந்த நேரம் அவற்றை மூத்த மகளுக்கு ஊரிலை சம்பந்தம் பேசிக்கொண்டு இருந்தினம். மாப்பிள்ளை பகுதி பூர்வீகம் கிண்டுறதிலை பெரிய விண்ணர், ஒண்டும் தப்பாது. ஆனா மனுசனுக்கு உயிர்ப்பயமும் இருந்தது. ரெண்டு கிழமை மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சிட்டுக் கடைசியிலை சொன்னார்: “விசா அலுவலகத்து வெள்ளைக்காரிக்கு முன்னாலைதானே. அவளுக்கு அடிமையெண்டால் என்ன, அரசியெண்டால் என்ன. குடுப்பம்.”

அலுவலகத்திலை வரச்சொல்லித் தந்த டெர்மின் அண்டைக்குத் தொங்குரயிலிலை போகேக்கை, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போற பெடியன் மாதிரி இருந்தார். தாள் என்ரை மடியிலை.

சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதுக்கு அவங்களே ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தாங்கள். தமிழ் ஆள். விறாந்தையிலை எங்களைக் கண்டவுடனை வாயெல்லாம் பல்.

“அண்ணை ஊரிலை எவடம்?”

அண்ணை சொன்னார்.

“அட, என்ரை மனிசியின்ரை ஊரெல்லே! எந்தப் பக்கம்?”

எங்கடை ஆக்கள் சாதியை நேரை கேக்கமாட்டினம், பக்கம்தான் கேப்பினம். அண்ணை நிமிர்ந்து இருந்தார்.

“கப்பித்தான் வளவு.”

“ஓ, கப்பித்தான் வளவாரோ! பெரிய இடம்.”

எனக்கு அந்த இடத்திலையே விளங்கிட்டுது. இவர் பின்னேரம் தமிழ்க் கடையிலை வாழைக்காய் வாங்கேக்கை வாய் திறந்தால் காணும், விடியமுன்னம் கதை ஊருக்குப் போயிடும்.

உள்ளை அந்த வெள்ளைக்கார அதிகாரி மரியாதையாத்தான் கேட்டா. புதுசாக் குடுக்க ஏதும் ஆதாரம் இருக்கோ எண்டு துபாசி தமிழிலை சொன்னார். அண்ணை என்ரை மடியைப் பாத்தார். பிறகு துபாசியைப் பாத்தார்.

“ஒண்டுமில்லை.”

“அண்ணை, குடுங்கோ,” எண்டன்.

“பொத்தடி வாயை!”

அதிகாரி என்னவாம் எண்டு கேட்டா. குடும்பக் கதை எண்டு துபாசி சொன்னார்.

குளிர்காலம் முடியமுன்னம் அண்ணையை ஊருக்குப் பிளேன் ஏத்திப்போட்டாங்கள். இப்ப அந்த வளவிலைதான் இருக்கிறார். மகளின்ரை கலியாணம் சிறப்பா நடந்தது, பெரிய இடத்துப் பிள்ளையெல்லே. ரெலிபோன் எடுக்கேக்கையெல்லாம் அந்தத் தாளைக் கிழிச்சிட்டியோ எண்டு கேப்பார். ஓம் எண்டு சொல்லுவன். கிழிக்கேல்லை. அந்தத் தாளிலை இருக்கிறவள்தான் எங்களுக்கு அந்த நிலத்தை எடுத்துத் தந்தவள். தன்னை அடிமை எண்டு துபாசிக்கு முன்னாலை வாய் திறந்து சொல்லித்தான் எடுத்தவள்.

அந்தத் தாளாலை ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா அண்ணைக்குத் தெரியாது. அது தன்னைக் காப்பாத்தும் எண்டு முழுசா நம்பிக்கொண்டுதான் மனுசன் ஒண்டுமில்லை எண்டு சொன்னவர்.