மூன்று மணிக்குள் சொல்லவும்

அரை மணி நேரமாக ஃபோனில் ஒரு நீலப் புள்ளியை முறைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் வருகிற பள்ளி வேன் அது. வீரபாண்டி பிரிவில் நின்றது நின்றபடியே இருக்கிறது. டிராஃபிக்காகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். இந்த மாதிரிச் சமாச்சாரங்களை எனக்கு அவ்வளவாக நம்ப முடிவதில்லை. ஒரு காலத்தில் நானே ஒன்றைச் செய்தவள், அதனால்.

அப்போது ப்ளஸ் ஒன். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். சாயங்காலம் வேன் கிளம்புகிற நேரத்தில் ஆபீஸ் ஃபோன் ஓயாமல் அலறும். “புள்ளைய இன்னைக்குக் கம்பெனி வாசல்ல எறக்கி உடுங்க” என்று ஒருவர், “இல்லீங்க, ஊட்டுலயே எறக்குங்க” என்று இன்னொருவர். வேன் தினமும் தாமதம். நானும் என் தோழியும் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஒரு வெப் பேஜ் செய்தோம். மதியம் மூன்று மணிக்குள் ‘வீடு’ அல்லது ‘கம்பெனி’ என்று செல்போனில் தட்டினால் போதும். ஒன்றும் தட்டாவிட்டால் வீடு. காலைப் பிரேயரில் கைதட்டல் கிடைத்தது. ஒரு மாதம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மணி என்று வைத்தது நான்தான். கம்பெனிகளில் ஓவர்டைம், அவர்கள் பேச்சில் ஓட்டி, உண்டா இல்லையா என்பதைச் சாயங்கால டீ வரும்போதுதான் சொல்வார்கள். செல்போனைக் காலையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் அப்பாவின் யூனிட். மாடியில் குடியிருந்துகொண்டு எதைக் கேட்டேனோ.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் பாக்கியம் அக்கா. எந்தக் கம்பெனி வாசலில் சரக்கேற்றக் கண்டெய்னர் லாரி நிற்கிறது என்று பார்த்தே, யார் அம்மாவுக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிடுவார். பேஜ் வந்த பிறகு அவர் கையில் அந்த லிஸ்ட் அச்சடித்த ஒரு தாள். ஒரு நாள், நானும் போகிற அந்த வேன் யூகேஜி நஸ்ரினின் வீட்டு முன்னால் நின்றது. பாக்கியம் அக்கா இறக்கவில்லை.

“இவங்கம்மாவுக்கு ஓட்டி இருக்குமாட்ட இருக்குது கண்ணு. கம்பெனிக்கே கூட்டிட்டுப் போயரலாமா?”

“வீடுன்னுதானுங்க்கா போட்டிருக்குது” என்றேன். கொஞ்சம் கறாராகவே சொன்னேன். அக்கா பிள்ளையை வீட்டுப் படியில் இறக்கிவிட்டார்.

நான் வீடு சேர்ந்தபோது கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. “ஓட்டிங்களாப்பா?” என்றேன். “ஆமாஞ்சாமி, சரக்கு இன்னைக்கே போயாகோணும்” என்றார். நஸ்ரினின் அம்மா ஜமீலா அக்கா எங்கள் யூனிட்டில்தான், செக்கிங் டேபிளில். நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பனியனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அப்பா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளும் பூட்டியிருந்தன. படியில் பிள்ளை இல்லை.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. லாரிகள் விரைகிற ரோட்டோரமாகப் பிள்ளை தனியாக நடந்திருக்கிறாள், அம்மாவின் கம்பெனியைத் தேடி. எல்லாக் கேட்டும் ஒரே மாதிரி இருந்ததால் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது கேட்டில், தமிழ் தெரியாத ஒரு வாட்ச்மேன் தன் நாற்காலியில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜமீலா அக்கா பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் போகத் தைரியமில்லை.

அடுத்த வாரம் அவரே என்னிடம் வந்தார்.

“பாப்பா, அந்த லிஸ்டுல எம்புள்ள பேரை எடுத்துரும்மா. ஊருல எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்.”

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேரை எடுத்தேன். மூன்று மணியை, வேன் கிளம்புகிற ஐந்தரை ஆக்கினேன், கம்பெனி ஆபீசிலிருந்தே சொல்கிற மாதிரி மாற்றினேன். பேஜ் அப்புறம் நன்றாகவே ஓடியது.

இப்போது அந்தப் பேஜ் இல்லை. அப்பாவின் யூனிட்டை வேறு யாரோ நடத்துகிறார்கள். பாக்கியம் அக்காவும் வேன் வேலையை விட்டுவிட்டார். ஆனால் இதெல்லாம் போவதற்கு முன்பே ஒன்று போய்விட்டது. ஷிஃப்ட் முடிந்ததும் சோற்றுத் தூக்குப்போசியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பிள்ளையிடம் போக முதல் ஆளாகக் கேட்டைத் தாண்டி ஓடுகிறவர் ஜமீலா அக்கா. பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் மாடியிலிருந்து பார்ப்பேன். அந்த வாரத்துக்குப் பிறகு அவர் ஓடவில்லை. ஓவர்டைமுக்கு யார் இருக்கிறீர்கள் என்று அப்பா கேட்கும்போதெல்லாம், முதலில் உயர்ந்தது அவர் கைதான்.