நாலாவது ஆள் மொட்சமாய்

துப்பாக்கிக்காக நடந்த சண்டைக்குத் துப்பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்த ஒரே ஆள் எங்கள் ஊர் மொட்சமாய்தான். அன்று அவரைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். ஆகவே இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்க மலைநாட்டுப் பசுட்டோக்களான நாங்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று கேப் வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. வைரச் சுரங்கத்தில் மாதக்கணக்கில் மண் வெட்டி வாங்கிய துப்பாக்கிகள் அவை. யார் கொடுப்பார்கள்? நாங்கள் கொடுக்கவில்லை. சண்டை வந்தது.

மொட்சமாய் அப்போது அரசாங்கத்தின் குதிரைப் போலீஸில் இருந்தார், ஒன்பதாவது வருஷம். அங்கே துப்பாக்கி அரசாங்கத்துடையது, குதிரை அவரவர் சொந்தம். அவருடையது நாலேடி என்ற, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பெட்டைக் குதிரை. அந்தப் போலீஸார் குதிரையில் போவார்களே தவிர, சுடுவது கீழே இறங்கித்தான். நாலு பேரில் மூன்று பேர் சுடுவார்கள். நாலாவது ஆள் நாலு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பான். மொட்சமாய் எப்போதும் நாலாவது ஆள்.

"ஒன்பது வருஷத்துல ஒரு மனுசனைச் சுட்டதில்ல நான்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமையை அவர் மனைவி மாநேயோ ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்தாள். கடைசியாக லீவில் வந்தபோது, அவர் கை வைப்பதற்குள் சோளக்களித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ சுடலதான், நேயோ அப்பா. நீ குதிரையப் பிடிக்கலன்னா அவனுங்க எப்படிச் சுடுவானுங்க? என் கூடப்பொறந்தவனைச் சுட வர்றவனுக்குக் கடிவாளம் பிடிக்கிற கை, இந்த வீட்டுக் களியத் தொடக் கூடாது."

மனுஷர் பட்டினியாகவே கிளம்பிப் போனார்.

பத்தாம் நாள் அவருடைய படையே எங்கள் மலைக்கு வந்தது, ஐம்பது பேர். அடிவாரத்தில் இறங்கிப் பாறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட ஆரம்பித்தார்கள். மொட்சமாய், மற்ற மூவரும் தன்னிடம் விட்ட மூன்று குதிரைகளையும் ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டினார். அதில் ஒன்றின் சேணத்தில் தன் துப்பாக்கியை மாட்டினார். நாலேடி மேல் ஏறி நேராக எங்களிடம் வந்துவிட்டார். அவர்களும் அவரைச் சுட்டார்கள், நாங்களும் சுட்டோம். ஒன்றும் படவில்லை.

"துப்பாக்கி எங்கடா?" என்றார் எங்கள் தலைவர்.

"அது அவங்களோடதுங்க."

"அந்த மூணு குதிரை?"

"அதுவும் அவங்களோடது."

"அட பாவி! துப்பாக்கிய விடமாட்டோம்னு ஊரே சாகத் துணிஞ்சு நிக்குது. நீ திருப்பிக் குடுத்துட்டு வந்து நிக்கிறே!"

நான் சும்மா இருந்தேனா? "சட்டையாச்சும் உங்களோடதாண்ணே? இல்ல அதையும் குடுத்துட்டு வர்றீங்களா?" என்றேன். சண்டைக்கு நடுவிலும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. எங்களை எண்ணிப் பார்த்தார். நாங்கள் நாற்பது பேர். அதில் பத்துப் பேர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நீ எதுக்குடா குதிரையப் பிடிச்சிட்டு நிக்கிறே?" என்று என்னைக் கேட்டார்.

"போலீஸ்காரன் அப்படித்தானே செய்யறான்?"

"அவன் குதிரை ஓடிப்போயிடும், பிடிக்கிறான். நம்ம குதிரைக்கு என்னடா கேடு?"

நாலேடியின் கடிவாள வாரைத் தரையில் போட்டுவிட்டு நாற்பது அடி நடந்தார். தோட்டாக்கள் பறந்தன. அது போட்ட இடத்திலேயே நின்று புல் மேய்ந்தது. கடிவாளத்தைத் தரையில் போட்டால் நிற்க வேண்டும் என்று எங்கள் ஊர்க் குட்டிக் குதிரைக்கும் தெரியும். போலீஸைப் பார்த்துச் சண்டை கற்ற எங்களுக்குத்தான் அது மறந்துவிட்டது. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

பத்துப் பேரும் கடிவாளத்தைப் போட்டோம். அவர் எங்களை இடப்பக்கச் சரிவில் கூட்டிப் போனார், கையில் ஒரு கம்புகூட இல்லாமல். அந்தப் பக்கத்திலிருந்து பத்துத் துப்பாக்கிகள் வெடிக்கும் என்று கீழே யாரும் நினைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஐம்பது பேரும் வந்த வழியே திரும்பினார்கள்.

மொட்சமாய் வீட்டுக்கு நடந்தார். நாலேடி கடிவாளத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனது. மாநேயோ வாசலை மறித்து நின்றாள்.

"கையக் காட்டு."

இரண்டு கைகளையும் விரித்தார். துப்பாக்கியும் இல்லை, கடிவாளமும் இல்லை.

"கழுவிட்டு வா. களி ஆறுது" என்றாள்.